தேவை: ஏதுமில்லை

சின்னக்கருப்பு அண்ட் சன்ஸ் – அத்தியாயம் 19

கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுத உட்காரும் அறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் முதன்முதலாக வந்து சேர்ந்ததைப் பற்றி எழுதி முடித்ததும், அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டு வைக்கவும். ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பத்தே காலுக்கு, அனுமந்தன்பட்டிக்குத் தெற்கே சாலையோரத் தகரக் கொட்டகையில், ‘மென்பொருள் தேவைகள் ஆவணம், பதிப்பு 1.0’ முப்பத்தோரு பக்கங்களுடனும் சுருள்கம்பி பைண்டிங்குடனும் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது.

அந்தப் பக்கத்துக்குப் படம் வேண்டுமென்றால் அதுவும் தயார். ஷெட் வாசலில் ஃபிளக்ஸ் கட்டியிருந்தது. அதில் திராட்சை வியாபாரி ஈஸ்வரபாண்டி, தோளில் சால்வையோடு, ஒரு மடிக்கணினியைத் தொட்டுக்கொண்டு நின்றார். அவர் வாழ்க்கையில் மடிக்கணினியைத் தொட்டது அந்தப் படத்துக்காகத்தான்.

தொடரை விட்டு விட்டுப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

கடையை ஆரம்பித்த சின்னக்கருப்பு காலமாகிப் பத்தொன்பது வருடமாகிறது. அவருக்கு மகன் ஒருவர்தான், ஈஸ்வரபாண்டி. போர்டில் ‘சன்ஸ்’ என்று பன்மையில் எழுதியது கௌரவத்துக்கு. மகள் ஒருத்தியும் உண்டு. போர்டில் அவளுக்கு ஒருமைகூடக் கிடைக்கவில்லை.

அந்த மகள் சண்முகத்தாய்க்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. புருஷன் இறந்து இருபத்தெட்டு வயதில் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள், பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஷெட்டுக்கு வந்து நின்றாள். இன்றுவரை நின்றுகொண்டிருக்கிறாள். நாற்காலி அண்ணனுக்கு.

திராட்சை வியாபாரத்தில் எல்லோரும் விலையைப் பற்றித்தான் பேசுவார்கள். உயிர் இருப்பதோ முறையில். நாளைக்கு யார் தோட்டத்தில் வெட்டு என்பதுதான் முறை. பழுத்த திராட்சை யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு மழை விழுந்தால் கொடியிலேயே வெடித்துவிடும். சின்னக்கருப்பு அண்ட் சன்ஸை நம்பி அறுபத்து மூன்று தோட்டங்கள் இருக்கின்றன. வெட்டுகிற ஆட்கள் இருபத்திரண்டு பேர், வண்டி ஒன்று. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெட்டாட்களின் மேஸ்திரி பேச்சிமுத்து போன் செய்வார். சண்முகத்தாய் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வாள். அதோடு சரி.

அவள் எப்படி முடிவு செய்கிறாள் என்று இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. எடை கூடட்டும் என்று சிலர் வெட்டுக்கு முந்தின நாள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிடுவார்கள். அந்தப் பழம் கோட்டயம் போய்ச் சேர்வதற்குள் கஞ்சியாகிவிடும். “தண்ணி பாச்சினீகளா?” என்று அவர்களிடமே கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? சண்முகத்தாய் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் போன் போடுவாள். “நேத்து உங்க பக்கம் கரண்டு இருந்துச்சாண்ணே?” என்பாள். “இருந்துச்சு, அவன் மோட்டாரு விடிய விடிய ஓடுச்சே” என்று பதில் வரும். தோட்டத்தின் பெயர் இரண்டு நாள் தள்ளிப் போகும்.

இந்தக் கரண்டு விசாரணை முப்பத்தோரு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

பக்கங்களை எழுதியவன் மாரிசெல்வம், ஈஸ்வரபாண்டியின் மகன். வயது இருபத்தேழு. சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் பிசினஸ் அனலிஸ்டாக, அதாவது வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுகிறவனாக இருந்தவன், ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று ஐந்து மாதம் முன்பு ஊருக்கு வந்தான். வீடு உண்மை. வேலை போய்விட்டது. இது அவனுக்கும் அத்தைக்கும் மட்டும் தெரியும். கம்பெனி தன் மடிக்கணினியைத் திருப்பிக் கேட்டபோது, திராட்சை அட்டைப் பெட்டியில் வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டிக் கூரியரில் அனுப்பி வைத்தவள் அத்தைதான். “கம்ப்யூட்டரு எங்கடா?” என்று ஈஸ்வரபாண்டி கேட்டதற்கு, “ரிப்பேருக்குப் போயிருக்குண்ணே” என்றவளும் அவள்தான்.

இப்போது தேனியில் ஒரு மாடியில் இயங்கும், கடைக்கு மென்பொருள் செய்து தரப்போகும் சிறிய நிறுவனம் அவனுக்கு ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆவணத்தை எழுதி, அப்பாவிடம் இந்த வியாழக்கிழமைக்குள் கையெழுத்து வாங்கிவிட்டால் திங்கட்கிழமை அதில் உட்காரலாம். வாங்காவிட்டால் நாற்காலி வேறொருவருக்கு.

ஆக, வியாழக்கிழமை.

*

காலையிலிருந்தே வெயில் இல்லை. மேகமலைப் பக்கம் மேகம் திரண்டு, கீழே இறங்குவதா வேண்டாமா என்று நின்றது.

ஒன்பது மணிக்கு மலையம்மாள் ஷெட்டுக்கு வந்தார். ஒண்டியாளாய் ஒன்றேகால் ஏக்கர் திராட்சை வைத்திருப்பவர். கையில் ஒரு கொத்து கொண்டுவந்திருந்தார்.

“தாயி, இதப் பாரு. தொட்டா உதிருது. இனி ஒரு மழ வந்துச்சுன்னா எனக்கு ஒண்ணும் மிஞ்சாது.”

சண்முகத்தாய் கொத்தை வாங்கி, ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். வானத்தைப் பார்த்தாள்.

“நாளைக்கு உன் தோட்டந்தேன். விடியமுன்ன ஆளு வந்துரும். வெளிச்சம் வர்றதுக்குள்ள பாதி இறக்கிரலாம். போய்ச் சாப்புடு.”

“உறுதியா?”

“சொல்லிட்டேன்ல.”

மலையம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த வாய் சொன்னால் வண்டி வரும் என்பது அறுபத்து மூன்று தோட்டத்துக்கும் தெரிந்த விஷயம்.

பத்து மணிக்கு நிறுவனத்திலிருந்து ஷெரின் வந்தாள். தேனிப் பெண், முப்பது வயதிருக்கும், ஸ்கூட்டியில் வந்ததில் துப்பட்டாவெல்லாம் சாலைத் தூசி. ஈஸ்வரபாண்டி அவளுக்குச் சால்வை போர்த்தினார். போட்டோ எடுக்கப்பட்டது. சால்வை நழுவியதால் மறுபடி போர்த்தி மறுபடி எடுக்கப்பட்டது.

“சார், வேலைய ஆரம்பிப்பமா?” என்றாள் ஷெரின்.

“ஒரு நிமிசம்மா. ரெண்டு வார்த்த பேசிக்கிர்றேன்.”

கேட்பதற்கு இருந்தவர்கள் நாலு பேர். எடை போடும் ஜேசுராஜ், ஷெரின், மாரிசெல்வம், கதவோரம் டீ டம்ளர்களோடு சண்முகத்தாய். ஈஸ்வரபாண்டி எழுந்து நின்று, மைக் இல்லாத குறையைக் குரலால் ஈடுகட்டிக்கொண்டு, டிஜிட்டல் யுகம், விவசாயிகளின் வாழ்வாதாரம், தன் தகப்பனாரின் தொலைநோக்கு ஆகியவற்றைப் பதினோரு நிமிடம் தொட்டுப் பேசினார். சின்னக்கருப்பின் தொலைநோக்கு, தெரு முனையில் கேரளா லாரி வருகிறதா என்று பார்ப்பதற்கு மேல் போனதில்லை. இருந்தாலும் இறந்தவரைப் பற்றி நாம் எதற்குப் பேச வேண்டும்.

ஆவணம் திறக்கப்பட்டது.

தேவைகள் மொத்தம் நாற்பத்தாறு. அதில் முப்பத்தெட்டு ஈஸ்வரபாண்டியுடையவை. முகப்புப் பக்கத்தில் உரிமையாளர் படம் இருக்க வேண்டும்: அவசியம். விவசாயி உள்ளே நுழைந்ததும் உரிமையாளர் குரலில் வணக்கம் ஒலிக்க வேண்டும்: அவசியம். உரிமையாளரின் பிறந்தநாளன்று எல்லோருக்கும் தானாகச் செய்தி போக வேண்டும்: அவசியம். பழத்தின் பக்குவத்தைப் பதிவு செய்யும் வசதி: விரும்பத்தக்கது.

ஜேசுராஜின் தேவையும் இருந்தது. ‘எடை மேடைக்கு மேல் ஃபேன்.’ எதிரே, ‘இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்.’ மென்பொருளில் ஃபேன் எப்படி வரும் என்று அவர் கேட்கவில்லை. தன் பேர் அச்சில் வந்ததே போதும் என்று பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“பக்கம் பதினாலு. முறை ஒதுக்கீடு,” என்று ஷெரின் வாசித்தாள். “முதலில் பதிவு செய்பவருக்கு முதல் முறை. கணினி தானாக ஒதுக்கும். மாற்றும் அதிகாரம் உரிமையாளருக்கு மட்டும். சரிதான சார்?”

“சரிதேன். எல்லாருக்கும் ஒரே நியாயம்.”

“இப்ப யாரு சார் முறை போடுறது?”

“கம்பெனி.”

“கம்பெனில யாரு?”

ஈஸ்வரபாண்டி கொஞ்சம் யோசித்தார். அவருக்குத் தெரியாத விஷயம் இல்லை. சொல்லிப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

“நம்ம மேற்பார்வைலதேன் நடக்குது,” என்றார்.

ஷெரின் பக்கத்தைத் திருப்பவில்லை. பயனாளர் பட்டியலில் விரலை வைத்திருந்தாள்.

“இங்கன ஏழு பேரு போட்டிருக்கு. ஆறு பேருக்கு லாகின் கேட்ருக்கீங்க. ஏழாவதா சண்முகத்தாய்னு இருக்கு. நேரா, ‘தேவை: ஏதுமில்லை’னு இருக்கு. தேவையே இல்லன்னா லாகின் தர மாட்டோம் சார். சிஸ்டத்துக்குள்ள அவங்க வரவே மாட்டாங்க. பரவால்லயா?”

கதவோரம் சண்முகத்தாய் தட்டில் டம்ளர்களை நேராக்கி வைத்தாள்.

இந்த ‘ஏதுமில்லை’ எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். போன வாரம் மாரிசெல்வம் படிவமும் கையுமாக ஷெட்டுக்கு வந்தான். அத்தை அப்போது லாரிக்கு டிரே எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தாள். “அத்தை, இந்த சாஃப்ட்வேர்ல உனக்கு என்ன வேணும்?” என்றான். “எனக்கென்னப்பா வேணும். ஒண்ணும் வேணாம்,” என்றாள் அத்தை. அவன் எழுதிக்கொண்டான்.

இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாரும் முதல் தடவை கேட்கும்போது வேண்டும் என்று சொன்னதில்லை. காப்பி சாப்பிடுகிறீர்களா என்றால் வேண்டாம். அட, சாப்பிடுங்க என்றால் இப்பத்தான் குடித்தேன். மூன்றாம் தடவை கேட்டால், சரி, அரை டம்ளர். கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை இதில் மாற்றமில்லை. முதல் இரண்டு வேண்டாமும் மரியாதை. மூன்றாவதற்குப் பிறகுதான் பதில். மூன்றாம் தடவை கேட்காமல் எழுந்து போகிறவனை இங்கே கஞ்சன் என்பார்கள். சென்னையில் பிசினஸ் அனலிஸ்ட் என்கிறார்கள்.

இந்த வீட்டில் இது முதல் தடவையும் இல்லை. பத்தொன்பது வருடத்துக்கு முன், அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, உத்தமபாளையம் பத்திர ஆபீஸ் வாசலில் வைத்து ஈஸ்வரபாண்டி தங்கையைக் கேட்டார்: “தாயி, சொத்துல உனக்கு ஏதாச்சும் வேணுமா?” அவள் வழக்கம்போல, “எனக்கென்னண்ணே வேணும்,” என்றாள். ஒரே தடவைதான் கேட்டார். பத்திர எழுத்தர் அதற்குள் விடுதலைப் பத்திரத்தில் ‘யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, மனப்பூர்வமாக’ என்று அடித்து முடித்திருந்தார். வற்புறுத்தல் இல்லை என்பது உண்மை. இன்னும் இரண்டு தடவை வற்புறுத்தியிருந்தால் சொத்தில் பாதி போயிருக்கும்.

“என்ன சார், பரவால்லயா?” என்று ஷெரின் மறுபடி கேட்டாள்.

“அது வீட்டாளும்மா. அதுக்கு எதுக்கு லாகினு கீகினெல்லாம்.”

ஷெரின் அவரை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, நெஜமாவே உங்களுக்கு ஒண்ணும் வேண்டாமா?”

சண்முகத்தாய் டம்ளர் தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“வேணாம்மா,” என்றாள். சொல்லும்போது அவள் ஷெரினைப் பார்க்கவில்லை. மாரிசெல்வத்தைப் பார்த்தாள்.

அது இரண்டாவது.

ஷெரினுக்கு அந்தக் கணக்குத் தெரியாமலில்லை, அவளும் தேனிக்காரிதான். ஆனால் வந்த இடத்தில் அவள் விருந்தாளி. மூன்றாவதை வீட்டு மனிதர்கள்தான் கேட்க வேண்டும். பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஜேசுராஜும் காத்திருந்தார்.

மாரிசெல்வத்துக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். ஏழெட்டு வார்த்தை. கேட்டால் அத்தை சொல்லுவாள். இருபது வருடத்தைச் சொல்லுவாள். பதினாலாம் பக்கம் போகும், அப்பா கத்துவார், கையெழுத்து அடுத்த வாரத்துக்குப் போகும், அடுத்த வாரம் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பான். அவன் அத்தையின் கையைப் பார்த்தான். பெட்டிக்கு டேப் ஒட்டிய கை.

பிறகு பக்கத்தைத் திருப்பினான்.

“அடுத்து பதினஞ்சு. அறிக்கைகள்,” என்றான்.

சண்முகத்தாய் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். டீ யாரும் குடிக்கவில்லை.

*

பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்தாயிற்று. ஈஸ்வரபாண்டி முப்பத்தோரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும் என்று ஷெரின் சொன்னபோது பதினேழில் இருந்தார், நிறுத்த மனமில்லை. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, வியாபாரிகள் வாட்ஸாப் குழுவில் போட்டார். பதினாலாம் பக்கத்துக்கு மூன்று பேர் கைதட்டல் படம் அனுப்பினார்கள். ஒருவரும் படிக்கவில்லை.

ஷெரின் ஸ்கூட்டியைக் கிளப்பும்போது மாரிசெல்வம் பக்கத்தில் வந்து நின்றான்.

“திங்கக்கெழம வந்துருங்க,” என்றாள்.

“தேங்க்ஸ்.”

“உங்க அத்தைய நீங்க இன்னொரு தடவ கேட்ருக்கலாம்.”

“அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்கள்ல.”

ஷெரின் ஹெல்மெட் வாரைப் பூட்டினாள். “ரெண்டு தடவ,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மணி இருக்கும். மாரிசெல்வம் ஷெட்டில் மீதிக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது சண்முகத்தாய் வந்து எதிரே நின்றாள். குளித்து, வேறு சேலை கட்டியிருந்தாள். தோளில் கைப்பை.

“ஏலே மாரி. அந்தப் பாரம் எழுதாதது ஒண்ணு இருக்கா?”

“எந்தப் பாரம் அத்தை?”

“எல்லாத்துகிட்டயும் என்ன வேணும்னு கேட்டு எழுதுனியே. அது.”

அவன் தேடி எடுத்துக் கொடுத்தான். ‘பயனாளர் தேவைப் படிவம்.’ பெயர், பொறுப்பு, தேவைகள், கையொப்பம். பேனாவும் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஜேசுராஜின் எடை மேடை ஓரத்தில் ஒரு கவிழ்த்த டிரேயைப் போட்டு உட்கார்ந்தாள். இருபது வருடத்தில் அந்த ஷெட்டில் அவள் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. ஜேசுராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

எழுதினாள். ஒரு பக்கம் முடிந்து, திருப்பிப் போட்டு எழுதினாள். நிறுத்தி யோசிக்கவே இல்லை. யோசிப்பதெல்லாம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும்.

“பொறுப்புன்னு போட்ருக்கே, அதுல என்ன எழுதணும்?” என்று கேட்டாள்.

“நீ என்ன வேல பாக்குறியோ அது அத்தை.”

“அதுக்கு இந்த எடம் பத்தாதே,” என்றாள். பெருமையாகச் சொல்லவில்லை. கட்டம் உண்மையிலேயே சின்னதுதான்.

“அத்தை, அதான் கையெழுத்தாயிருச்சே. இப்ப எழுதி என்ன செய்ய?”

“ஒனக்கு வேல கெடச்சிருச்சா?”

அவன் தலை குனிந்தான். “திங்கக்கெழம.”

“நல்லாரு. அப்பாட்ட நீயே சொல்லிரு. நான் இனிமே ஒனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். எனக்கு அலுத்துப்போச்சு.”

படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். ஷெட் போனை எடுத்துக்கொண்டு அண்ணன் மேசைக்குப் போனாள். ஈஸ்வரபாண்டி வாட்ஸாப்பில் நன்றி தெரிவித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே. நான் பாளையம் வரைக்கும் போறேன்.”

“ம்.”

“நாளைக்கு மலையம்மா தோட்டம். அஞ்சு மணிக்குப் பேச்சிமுத்து போனு போடுவாரு. சொல்லிருண்ணே. மழ வரும்போல இருக்கு, விடியமுன்ன வண்டி போகணும்.”

“அதெல்லாம் இனிமே சிஸ்டம் பாத்துக்கிரும் தாயி,” என்றார் அவர், தலை நிமிராமல்.

சிஸ்டம் அப்போது மேசைமேல்தான் இருந்தது, முப்பத்தோரு தாள்களாக. அதன் மேல் அவர் டீ டம்ளரை வைத்திருந்தார்.

சண்முகத்தாய் போனை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நடந்தாள்.

*

மாரிசெல்வம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தான். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. வானம் இன்னும் இறங்கியிருந்தது. நாலரை மணிக்கே கடைகளில் லைட் போட்டுவிட்டார்கள்.

ஸ்டாப்புக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை. அவள் அங்கே நின்று படிவத்தை இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். எத்தனை என்று கடைக்காரர் கேட்க, “மூணு,” என்றாள். மெஷின் வெளிச்சத்தில் அவன் ஓரமாக எட்டிப் பார்த்தான். எழுத்துத் தெரியவில்லை. வரிசை எண்கள் மட்டும் தெரிந்தன. கடைசி எண் பத்தொன்பது.

“யாருக்கு அத்தை மூணு?”

“ஒண்ணு எனக்கு.”

“மத்த ரெண்டு?”

அவள் கடைக்காரருக்குக் காசை எண்ணிக் கொடுத்தாள். உத்தமபாளையத்தில் அவளுக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. தாலுகா ஆபீஸ் இருக்கிறது, பத்திர ஆபீஸ் இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது. புதிதாக ஷெட் போட்டிருக்கும் கூடலூர் முத்துராஜாவும் அங்கேதான் ஒரு கிளை திறந்திருக்கிறார். திராட்சைதான் வாங்குகிறார்.

கம்பத்திலிருந்து வந்த பஸ் திரும்பி நின்றது. அவள் படியில் கால் வைத்தாள்.

இப்போதாவது அவன் கேட்டிருக்கலாம். அதற்குத்தான் ஓடி வந்தான். வாயைத் திறந்தான்.

“அத்தை... குடை வேணுமா? மழ வருது.”

“வேணாம்ப்பா,” என்றாள் சண்முகத்தாய்.

பஸ் போய்விட்டது. அவன் குடையோடு நின்றான் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவன் குடையே கொண்டுவரவில்லை.

*

ஐந்து மணிக்கு ஷெட் போன் அடித்தது.

ஈஸ்வரபாண்டி சுற்றிலும் பார்த்தார். எடுக்க வேண்டியவள் இல்லை. ஜேசுராஜ் டிரே கழுவப் போயிருந்தார். ஒன்பது தடவை அடித்த பிறகு தானே எடுத்தார்.

“யாரு?”

எதிர்முனையில் ஒரு திடுக்கிடல். “அண்ணே... பேச்சிமுத்துண்ணே. வணக்கம்ணே. தாயி அக்கா இல்லீகளா?”

“இல்ல. என்ன விசயம், எங்கிட்டச் சொல்லு. என்ன வேணும் ஒனக்கு?”

பேச்சிமுத்து பதினெட்டு வருடமாக அந்த நம்பருக்குப் போன் செய்கிறவர். ஒரு நாளும் முதலாளி எடுத்ததில்லை. நாளைக்கு எங்கன வெட்டு என்று முதலாளியையே கேட்பதா? சொல்ல வேண்டியதென்றால் அவராகச் சொல்ல மாட்டாரா? தாயி அக்கா வந்ததும் அக்காவே கூப்பிடும். பேச்சிமுத்து மரியாதை தெரிந்த மனிதர்.

“ஒண்ணும் வேணாம்ணே. சும்மாதேன் போட்டேன்.”

ஈஸ்வரபாண்டி ஒரு கணம் நிதானித்தார். தங்கை போகும்போது ஏதோ சொன்னாள் என்பது வரைக்கும் ஞாபகம் வந்தது. மலை என்று ஏதோ. மழை என்றும் ஏதோ. அதற்குள் வாட்ஸாப்பில் இன்னொரு கைதட்டல் வந்து விழுந்தது.

அவர் யாரையும் இரண்டாம் தடவை கேட்டுப் பழகியவரில்லை. “சரி,” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் தூறல் விழுந்தது. பிறகு அது தூறலாக இல்லை.

அதுவரை மலையம்மாள் தோட்டத்துக்கு வண்டி போயிருக்கவில்லை.